நீளாத நூலும் நீளும் வலையும்

சில மாதங்களாகக் கணினிக்குள் ஒரு கரைவலையைப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன். மாரி தொடங்கித் திருகோணமலைக் கடல் கொந்தளிக்கிற காலத்தில், நிஜக் கரைவலைகள் வாடிகளுக்குள் சுருண்டு கிடக்கும்போது ஆரம்பித்த வேலை இது. இழுக்கும்போது வலை என்ன வடிவம் எடுக்கிறது, எந்த இடத்தில் இழுவை ஏறுகிறது, மீன் சேரும் பையான மடியின் கண்கள் எப்போது மூடுகின்றன என்பதையெல்லாம் திரையில் பார்க்கவேண்டும் என்று ஆசை. நிரல் எழுதுவது என் தொழில். துணி, கயிறு, சதை, ரப்பர் என்று உருமாறும் பொருட்களை இயற்பியல் விதிப்படி கணினியில் அசைய வைக்கும் துறைமேல் எனக்குப் பல வருடப் பற்று. அந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தை இந்த வலையை வைத்தே சொல்லிவிடலாம். வளைந்து நெளியும் பொருளைக் கணக்குப் போடும்போது நம் உயிரை வாங்குவது அதற்குள் ஒளிந்திருக்கும் விறைப்புத்தான். மென்மையால் ஒரு தொல்லையும் இல்லை.

கரைவலையை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். முதலில் கயிறு, பிறகு வலையின் ஒரு கை, நடுவில் மடி, பிறகு மறு கை, திரும்பவும் கயிறு என்று அரைவட்டமாக இறக்கிக்கொண்டே வந்து, கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் கரை சேரும். மேலே மிதப்பு, கீழே ஈயம். அப்புறம் இரண்டு கூட்டமாக நின்று, இழுவைப் பாட்டான அம்பாவைப் பாடி, தாளத்துக்கு இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும். சல்லியிலும் நிலாவெளியிலும் குச்சவெளிப் பக்கமும் பருவகாலத்துக் காலைகளில் இதைப் பார்க்கலாம்.

இதைக் கணினியில் செய்யும் அடிப்படை வழி உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த எல்லோருக்கும் புரியும். ஒவ்வொரு முடிச்சையும் ஒரு துணிக்கையாக வை. முடிச்சுகளுக்கு இடையிலான நூலை ஒரு வில்லாக வை. ஹூக் 1678இல் சொன்னபடி, நீட்சிக்கு ஏற்ற விசை. துணிக்கைமேல் உள்ள விசைகளைக் கூட்டித் திணிவால் வகுத்தால் ஆர்முடுகல் வரும். ஆர்முடுகலில் இருந்து வேகம், வேகத்தில் இருந்து புதிய இடம். ஒரு சின்ன நேர அடி (நொடியின் ஒரு சிறு துண்டு) எடுத்து வைத்து, திரும்ப முதலில் இருந்து. ஐம்பது வரி நிரல் போதும்.

ஆனால் பரீட்சைத் தாளில் வரும் ஒரு சொற்றொடரை நினைத்துப் பாருங்கள்: "இலேசான நீட்டமுடியாத இழை". கப்பிக் கணக்கில் அது நமக்கு நண்பன். இழை நீளாது என்றால் இரண்டு பக்கத்து ஆர்முடுகலும் சமம், இரண்டு சமன்பாடு, விடை வந்துவிடும். கணினியில் அதே இழைதான் பெரிய எதிரி. இலேசானது, நீளாதது என்ற இரண்டும் சேர்ந்தால் எதிரிக்குப் பலம் இரட்டிப்பு.

ஏன் என்று எண்களில் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நைலோன் நூல், முடிச்சுக்கு முடிச்சு 2 சென்ரிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நைலோனின் விறைப்பைச் சொல்லும் யங்கின் மட்டைச் சுமார் 2 கிகாபாஸ்கல் என்று எடுத்தால், அந்தத் துண்டு நூலின் வில் மாறிலி மீட்டருக்கு 78,000 நியூட்டன் அளவில் வரும். அதன் திணிவோ 18 மில்லிகிராம். இவ்வளவு விறைப்பான வில்லில் இவ்வளவு இலேசான துணிக்கையைக் கட்டினால் அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை அதிரும். அந்த அதிர்வை நாம் பார்க்கப்போவதில்லை, அதில் நமக்கு ஒரு அக்கறையும் இல்லை. இருந்தாலும் நம் நேர அடி அதைவிடச் சின்னதாக இருந்தாகவேண்டும். இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். நைலோனில் ஒலி நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடும். 2 சென்ரிமீட்டர் நூலைக் கடக்க அதற்குச் சுமார் 15 மைக்ரோ நொடி. ஓர் அடியில் செய்தி ஒரு கண்ணியை (முடிச்சுக்கு முடிச்சு உள்ள நூல் துண்டை) தாண்டி ஓடிவிடக்கூடாது என்பது குரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் எழுதிய நிபந்தனை. ஓடும் கணினி என்று ஒன்று வருவதற்கு முன்பே எழுதியது! ஆக, ஒரு நொடி வலை இழுப்பைக் காட்ட ஐம்பதாயிரம் அடிக்கு மேல் வேண்டும். கரைவலை இழுத்து முடிய மணிக்கணக்கு ஆகும்.

அடியைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் என்ன நடக்கும்? ஒரு முடிச்சு தன் இடத்தை விட்டு மயிரிழை விலகுகிறது. நூல் நீண்டுவிட்டது என்று பெரிய விசை ஒன்று அதைத் திருப்பி இழுக்கிறது. அடி நீளம் என்பதால் அந்த விசை தேவைக்கு மேல் நேரம் வேலை செய்து, முடிச்சு மறுபக்கம் தாண்டி முன்னைவிடத் தூரமாய்ப் போகிறது. அடுத்த அடியில் இன்னும் பெரிய விசை, இன்னும் தூரம். கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்கள் வானத்துக்கு ஏறி, திரையில் வலை சிதறிக் காணாமல் போகும். இந்தத் துறைக்குள் வருகிற எவரும் முதல் வாரத்தில் பார்க்கும் காட்சி இது. இயற்கையில் இல்லாத சக்தியைக் கணக்கு தானாக உண்டாக்கிவிடுகிறது.

சரி, நூல் இவ்வளவு விறைப்பு என்றால் வலை எப்படி இவ்வளவு குழைவாக இருக்கிறது? இந்தக் கேள்வியோடு வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். அறுந்த இடத்தில் கண்களைக் கத்தியால் சுத்தமாக வெட்டிவிட்டு, ஊசியில் சுற்றிய நூலைக் கொண்டு ஒவ்வொரு கண்ணாகத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தார். இடது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நூலைப் பிடித்து நிற்க, வலது கை ஊசியைக் கண்ணுக்குள் விட்டு, சுற்றி, கீழே இழுத்து இறுக்கும். முடிச்சு இறுகும்போது "டிக்" என்று சின்னதாக ஒரு சத்தம். "ஐயா, இழுக்கேக்க இந்த நூல் எவ்வளவு நீளும்?" என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னார்: "நூல் எங்க தம்பி நீளுது? கண்தான் நீளுது." பொத்தி முடித்த இடத்தை இரண்டு கையாலும் ஒரு பக்கமாக இழுத்துக் காட்டினார். கண்கள் எல்லாம் ஒடுங்கி, வலை கயிறு மாதிரி ஆகிவிட்டது. குறுக்கே இழுத்தார், விரிந்தது.

உருமாறும் பொருட்களின் இயற்பியலை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. ஒரு சாய்சதுரக் கண்ணின் நான்கு பக்கமும் நீளாமலே அதன் கோணங்கள் மாறலாம். பக்கம் 2 சென்ரிமீட்டர் என்றால், கண் சதுரமாகத் திறந்திருக்கும்போது இரண்டு மூலைவிட்டங்களும் சுமார் 2.8 சென்ரிமீட்டர். நீளவாக்கில் 3.5 வரை இழுத்தால் அகலம் 1.9 ஆகும். 3.9 வரை இழுத்தால் 0.9 தான். நூல் ஒரு துளியும் நீளவில்லை. கண்ணின் வாய் மட்டும் பாதிக்கு மேல் மூடிவிட்டது.

நூலும் தனக்குள் இதே வேலையைத்தான் செய்கிறது. தங்கூசியையும் (ஒற்றை இழை நைலோன்) முறுக்கு நூலையும் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தங்கூசி சுருளாக நிமிர்ந்து நிற்கும், முறுக்கு நூல் துவண்டு விழும். இழுவைக்கான விறைப்பு தடிப்பின் இருமடி விதியில் ஏறும். வளைப்பதற்கான விறைப்பு நான்காம் மடி விதியில் ஏறும். ஒரு மில்லிமீட்டர் ஒற்றை இழைக்குப் பதில் 0.1 மில்லிமீட்டர் இழை 100 எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி திரித்தால், இழுவையில் பலம் அதே அளவு. வளைப்பதற்கோ 100 மடங்கு இளக்கம். கயிறு திரித்த முதல் ஆட்கள் இதைக் கையால் கண்டுபிடித்துவிட்டார்கள்.

துணியும் அப்படித்தான்: நெசவு நூல் நீளாது, துணி மடியும். சதையும் அப்படித்தான். சதைக்கு வடிவம் மாறுவது சுலபம், கனவளவு மாறுவதற்கு மாட்டவே மாட்டேன் என்கிறது. மென்மையான உடல் திசுக்களின் விறைப்பு சில கிலோபாஸ்கல் அளவில் இருக்கும்போது, அவற்றை நிரப்பியிருக்கும் நீரை அமுக்கிச் சுருக்க 2.2 கிகாபாஸ்கல் மட்டு குறுக்கே நிற்கிறது. கிட்டத்தட்ட பத்து இலட்சம் மடங்கு. சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கான மென்பொருள் எழுதுபவர்கள், பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுறு மூலக முறையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது இந்த இடைவெளியோடுதான். கையில் தொடு உணர்வு வரவேண்டும் என்றால் நொடிக்கு 1,000 தடவை விசையைச் சொல்லவேண்டிய கட்டாயம் வேறு அவர்களுக்கு. அவர்கள் படும் பாட்டைத் தனியே எழுதவேண்டும்.

கணினி வரைகலைக்குள் மீள்தன்மைக் கோட்பாட்டை முறையாகக் கொண்டுவந்தது 1987இல் டெர்ஸோபுலோஸும் அவரோடு பிளாட், பார், ஃபிளைஷர் ஆகியோரும். அதன் பிறகு பத்து வருடம் பலர் அந்தச் சின்ன அடியில் மாட்டிக்கொண்டு திண்டாடினார்கள். 1998இல் டேவிட் பராஃபும் ஆண்ட்ரூ விட்கினும் துணிக்கு ஒரு வழி காட்டினார்கள். இப்போதைய இடத்தில் உள்ள விசையை வைத்து முன்னே போகாமல், போய்ச் சேரப்போகும் இடத்தில் விசை எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்தே தீர். ஒவ்வோர் அடியிலும் பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்கவேண்டி வரும். ஆனால் அடியைப் பெரிதாக வைத்தாலும் துணி எளிதில் வெடிக்காது. பின்னால் வந்த எத்தனையோ படங்களில் உடைகள் அசைந்ததற்கு இந்தச் சிந்தனைதான் அத்திவாரம்.

அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை வலைக்காரனுக்கு மிக முக்கியம். முதலில் சொன்ன முறை இல்லாத சக்தியைக் கூட்டுகிறது என்றேன். இந்த முறை இருக்கிற சக்தியைத் தின்கிறது. அடி பெரிதாகப் பெரிதாக அசைவு சோம்பலாகிவிடும், காற்றில் ஆடவேண்டிய துணி நீருக்குள் ஆடுகிற மாதிரி இருக்கும். துணி செய்பவர்களுக்கு அது கண்ணில் குத்தும், உடனே திருத்திவிடுவார்கள். என் வலை ஏற்கெனவே நீருக்குள்தான் இருக்கிறது! பார்க்க எல்லாம் வெகு இயல்பாக இருக்கும். நீர் தணித்தது எவ்வளவு, கணக்கு தணித்தது எவ்வளவு என்று கண்ணால் பிரிக்கவே முடியாது. ஆறுதலாக இழுக்கும்போது பாதகமில்லை. அலை வந்து தூக்கி எறிகிற கணத்தில், கயிற்றில் ஏறும் இழுவையின் உச்சத்தை இந்தப் போலித் தணிப்பு சத்தமில்லாமல் குறைத்துக் காட்டும். கயிறு அறுவது அந்த உச்சத்தில்தான். அதனால் அதே இழுப்பை அடியைப் பாதியாக்கி, கால்வாசியாக்கித் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை. வடிவு நன்றாக இருக்கிறது என்பது எண் சரி என்பதற்குச் சாட்சி கிடையாது.

இன்னொரு பரம்பரை கணினி விளையாட்டுகளில் இருந்து வந்தது. ஐஓ இன்டராக்டிவ் நிறுவனத்தில் வேலை செய்த தாமஸ் யாகோப்சன் 2001இல் அதை விளக்கினார். 2006இல் மத்தியாஸ் மியூலரும் கூட்டாளிகளும் அதைப் பொதுவான முறையாக்கினார்கள். விசையையே மறந்துவிடு என்கிறது இது. முடிச்சுகளை முதலில் அவற்றின் போக்கில் நகர விடு. பிறகு ஒவ்வொரு நூலாகப் பார். நீண்டிருந்தால் இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளி, சரியான நீளத்துக்குக் கொண்டுவா. ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்து நூல் பிழைக்கும், அதைச் சரிசெய், திரும்பச் சுற்று. வெடிக்கவே வெடிக்காது, வேகமும் உண்டு. இலேசான நீட்டமுடியாத இழையை நேரடியாக நீட்டமுடியாத இழையாகவே நடத்துகிறது என்பதால் எனக்கு இதன்மேல் தனி அன்பு.

இதற்கும் நீளமான கயிறு என்றால் கஷ்டம்தான். ஒரு சுற்றில் திருத்தம் பக்கத்துக் கண்ணிக்குத்தான் போகும். கோணேசர் கோயில் திருவிழாக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் சொன்னது வாய் வாயாகப் பின்னால் போய்ச் சேருகிற கதை. கரையில் இழுத்த செய்தி நூற்றுக்கணக்கான மீட்டர் கயிற்றைக் கடந்து மடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சுற்றுகள் முடிந்துவிடும். கண்ணிகளை இரட்டித்தால் வேண்டிய சுற்றுகள் ஏறத்தாழ நான்கு மடங்காகும். சுற்று போதாவிட்டால் நைலோன் கயிறு ரப்பராகிவிடும். விளையாட்டுகளில் தொங்கும் நீளமான சங்கிலிகள் ஜவ்வு மாதிரி இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். அதைவிட மோசம், பொருளின் விறைப்பு எத்தனை சுற்று ஓட்டினோம் என்பதைப் பொறுத்து மாறும். 2016இல் மக்லின், மியூலர், சென்டானெஸ் மூவரும் அந்தப் பழைய குறையைத் தீர்த்தார்கள். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் இவ்வளவு இளக்கம் என்று உண்மையான அலகில் கொடுக்கலாம், சுற்றுக்கும் அடிக்கும் அது மாறாது. இதனால்தான் நான் யங்கின் மட்டை நிரலுக்குள் எழுத முடிகிறது.

2019இல் மக்லின் குழு இன்னொன்று காட்டியது. ஒரு பெரிய அடிக்குள் இருபது சுற்று ஓட்டுவதைவிட, அந்த அடியை இருபதாக நறுக்கி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சுற்று ஓட்டினால் விடை துல்லியமாக வருகிறது. வேலை கிட்டத்தட்ட அதேதான். போலித் தணிப்பும் குறைகிறது. இருபது வருடம் பெரிய அடிக்காகப் போராடிய துறை திரும்பவும் சின்ன அடிக்கு வந்து நின்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் வலை இப்போது இந்த முறையில்தான் ஓடுகிறது.

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக வைக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். 2 சென்ரிமீட்டர் பக்கமுள்ள கண் ஒரு சதுர மீட்டருக்கு 2,500 வரும். 2,000 சதுர மீட்டர் வலை என்றால் ஐம்பது இலட்சம் முடிச்சு. மீன்பிடி வலை ஆராய்ச்சியில் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. பல கண்களைச் சேர்த்து ஒரு பெரிய கற்பனைக் கண்ணாக்கி, மொத்தத் திணிவு, மொத்த விறைப்பு, நீரின் மொத்த எதிர்ப்பு மூன்றும் மாறாமல் பார்த்துக்கொள்வது. கண் பெரிதானாலும் அதன் சாய்சதுர வடிவம் காக்கப்படுவதால், ஒடுங்குவதும் விரிவதும் சரியாகவே வரும். நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதையும் இதே கண்களில் சேர்த்துவிடலாம்.

இப்போது திரையில் நான் பார்த்துக்கொண்டிருப்பது மடி. மீன் சேரச் சேர மடியின் பின்பக்கம் கனத்து, முன்னால் உள்ள கண்கள் நீளவாக்கில் இழுபட்டு மூடுகின்றன. குஞ்சு தப்புவதற்கென்று பெரிய கண் வைத்துப் பின்னினாலும், தப்பவேண்டிய நேரத்தில் வாய் மூடிக்கிடக்கும். நூலின் திசையைத் திருப்பிக் கண்ணைச் சதுரமாகத் தொங்கவிட்டால் இழுவை நேரே நூல்வழியாகப் போகும், கண் திறந்தே நிற்கும். ஐரோப்பிய இழுவை வலைகள் சிலவற்றில் இப்படிச் சதுரக் கண் பட்டை வைக்கவேண்டும் என்று விதியே உண்டு. கரைவலை மடியில் எத்தனை முழம் பட்டை வைத்தால் எவ்வளவு திறந்திருக்கும் என்பதைத்தான் நான் ஓட்டிப் பார்க்கிறேன்.

இழுக்கும் முனையை எப்படி நிரலில் எழுதுவது என்பதிலும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. மனிதர்கள் விசையால் இழுக்கிறார்கள். அம்பாவின் தாளத்துக்கு ஏறி இறங்கும் விசை, அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வலை அடியில் கல்லில் மாட்டினால் கயிறு வராது, ஆட்கள் நின்றுவிடுவார்கள், ஒருவர் சுழியோடிப் போய்ப் பார்ப்பார். உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுத்தால் அது வேகத்தால் இழுப்பது. வலை மாட்டினாலும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், இழுவை ஏறிக்கொண்டே போகும், எது பலவீனமோ அது கிழியும்: நூல், அல்லது கடலடியில் இருக்கும் பாசியும் பாரும் (பாறைத் திட்டும்). நிரலில் இது ஒரே ஒரு வரி மாற்றம். திரையில் வருகிற படம் வேறு உலகம். வின்ச் பற்றிய வாக்குவாதம் எங்கள் கரையில் நெடுநாள் நடக்கிறது. நான் கையிழுப்பின் பக்கம். இந்த இரண்டு ஓட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு அதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

மிச்சம் இருப்பது தொடுகை. ஈயக் கயிறு மணலில் எங்கே ஒட்டி வருகிறது, எங்கே எழும்பி மீனுக்கு வழி விடுகிறது என்பது ஒரு பகுதி. மடிக்குள் வலையும் வலையும் உராய்ந்து ஒன்றையொன்று ஊடுருவாமல் பார்த்துக்கொள்வது மற்றது. 2020இல் வந்த ஒரு முறை, இரண்டு பரப்பு நெருங்க நெருங்க எல்லையில்லாமல் ஏறும் ஒரு தடையை இடையில் வைத்து, ஊடுருவலே நடக்காது என்று உறுதி தருகிறது. மிக மெதுவாகத்தான் ஓடும், மடிக்கு மட்டும் பாவிக்க எண்ணம்.

அதற்கு முன் எனக்கு நிஜமான அளவுகள் வேண்டும். மூதூர், கிண்ணியா, புல்மோட்டைப் பக்கம் கரைவலை வைத்திருக்கும் உறவுகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மடியின் கண் அளவு, நூலின் தடிப்பு, வலையின் கையில் எத்தனை பாகம், ஈயத்துக்கும் ஈயத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கீழே எழுதிவிடுங்கள். மேல்கயிற்றில் வலையைக் கட்டும்போது எவ்வளவு தளர்ச்சி விடுகிறீர்கள் என்பது கட்டாயம் வேண்டும். கண்ணின் பரப்பு அதிகபட்சமாக விரிய, இழுத்துப் பிடித்த வலை 100 மீட்டருக்குக் கயிறு சுமார் 71 மீட்டர் என்று கணக்குச் சொல்கிறது. நீங்கள் கையில் எவ்வளவு வைக்கிறீர்கள், மடிக்குக் கிட்ட வரும்போது அதை மாற்றுகிறீர்களா?